சர்க்கரை போட்ட சாயம்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் எல்லோருக்கும் அவள் பெரிம்மாதான். சம்பளம் கொடுக்கிற மேடம்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். தங்கை பிள்ளைகள், தம்பி பிள்ளைகள் என்று தூக்கித் தூக்கி, இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துபோன பெண். பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தவளைச் சின்னக் குழந்தைகள் அறையில் விட்டுப் பார்த்தார்கள். பெற்றோர் வந்து பார்க்கும் நாள் நல்லபடியாகப் போனால் அறை அவளுக்கு; இல்லையென்றால் பழையபடி துடைப்பம்.

அந்த நாளுக்காகப் பிள்ளைகள் படம் வரைய வேண்டும். எதையும் வாயில் வைக்கிற வயது என்பதால் கடைச் சாயம் கூடாது. மைதாவைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, பீட்ரூட், கேரட், கீரைச் சாறுகளைக் கலக்க வேண்டும். உப்பையும் தாராளமாகப் போடச் சொல்லியிருந்தார் மேடம். ஒருமுறை நக்கிய பிள்ளை மறுமுறை நக்காதாம்.

பெரிம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் மொத்தமும் தொண்டையில் இறங்கியது. "பால் குடிக்கிற வாயில இதையா வைப்பாங்க?" என்று அத்தனையையும் கொட்டிவிட்டு, மறுபடி காய்ச்சி, உப்புக்குப் பதில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா?

"பெரிம்மா, செவப்பு இன்னும் கொஞ்சம்!"

"பேப்பருக்கா, வயித்துக்கா?"

"வயித்துக்கு!"

யாரிடமும் ஒட்டாமல் மூலையிலேயே கிடந்த உம்மணாமூஞ்சிப் பயல்கூட முழங்கைவரை முக்கியெடுத்துத் தாளில் ஒரு கை பதித்தான். பதித்த கையோடு வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டான். படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனவளின் கால் தரையில் பாவவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் சுவர் நடந்துகொண்டிருந்தது. உலகத்து எறும்புக்கெல்லாம் யாரோ பத்திரிகை வைத்துவிட்டார்கள். ஒரு சூரியனைப் பாதி பிய்த்து ஜன்னல்வரை கொண்டுபோயிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வானத்திலேயே மாட்டியிருக்கும். துடைத்தால் படமும் சேர்ந்து வந்தது. ஊதினால் எறும்பெல்லாம் பிள்ளைகள் தவழும் தரையில் உதிர்ந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அதற்குள் பெற்றோர் வந்துவிட்டார்கள்.

"எம்பையன் கை வச்சானாமே, எதுங்க அது?" என்று ஆசையாகக் கேட்டாள் உம்மணாமூஞ்சியின் அம்மா. சுவரில் ஐந்து விரலும் கறுப்பாக நெளிந்தன. பெரிம்மா தடுப்பதற்குள், பயல் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த தன் கையைத் தானே நக்கிவிட்டான். எறும்பு உதட்டைக் கவ்வ, அவனோடு அறையே அலறியது.

"உப்பு போடச் சொன்னேன்ல?" என்றார் மேடம்.

"கரிச்சுது மேடம்."

"கரிக்கத்தானே போடச் சொன்னது!"

நியாயம்தான்.

மத்தியானமே அந்த அறைக்குப் பெரிம்மாவின் இடத்தில் ஓர் இளம்பெண் வந்தாள். வீங்கிய உதட்டோடு பயல் வாசலைப் பார்த்துக் கையை நீட்டி, "பெரிம்மா! பெரிம்மா!" என்று வீறிட்டான். அதுவரை அவன் அங்கே யாரையும் கூப்பிட்டதே இல்லை. வாளியோடு போய்க்கொண்டிருந்தவளின் கால் தானாகத் திரும்பியது.

"வேணாம்," என்றார் மேடம், மெதுவாகத்தான். "நீங்க தூக்கினா அந்தப் பொண்ணுகிட்ட அவன் எப்பவும் ஒட்ட மாட்டான்."

அதுவும் நியாயம்தான்.

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். அழுகை கேட்டது. இன்னும் முழுசாகத் திறந்துவிட்டாள். அப்போதும் கேட்டது.