அழுகிற கடிதங்களின் பெட்டி

ஒடெட் பெல்மார் ஒரு பாடகனுக்காக இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவன் செத்து மூன்று வருஷம் கழித்துத்தான் அதைத் திறந்தாள். திறந்த இடம் சரியில்லை.

இடம், த்ருவா-ரிவியேர் ஊரின் ஹாக்கி அரங்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தப் பாடகனின் நினைவாக ஒரு சர்க்கஸ் காட்சி. பனித்தரைமேல் பலகை பரப்பி மேடையும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். பலகையைத் தாண்டிக் குளிர் காலில் ஏறியது. விவரம் தெரிந்தவர்கள் கம்பளிக் காலுறையை இரண்டு ஜோடியாக மாட்டி வந்திருந்தார்கள். நிக்கோ வாலியேரின் பாட்டு ஒவ்வொன்றுக்கும் யாராவது கூரையிலிருந்து விழுந்தார்கள். விழுந்தவரை இன்னொருவர் நடுவானில் பிடித்தார். ஆறாயிரம் பேரும் ஒரே மூச்சாக "ஹா" என்றார்கள்.

"நிக்கோவே பறக்கிற மாதிரி இல்லம்மா?" என்றாள் மகள் மிலேன். டிக்கெட் அவள் வாங்கியது. அம்மாவின் அறுபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு.

"அவனா? ஏணியில ரெண்டு படி ஏறினாலே அவனுக்குத் தலை சுத்தும்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போட்டிருந்தான்."

பேப்பரில் எவனும் போடவில்லை. அந்தக் காலத்தில் பகலில் ஒடெட்டுக்கு ஷாவினிகன் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. செவ்வாய், புதன், வியாழன் சாயங்காலங்களில், ஒரு செருப்புக் கடையின் மாடியில், நிக்கோவின் மேலாளர் துஷார்ம் நடத்திய அலுவலகத்தில் இன்னொரு வேலை. ரசிகர் கடிதங்களை அங்கே மூன்று பெட்டியாகப் பிரிப்பார்கள். முதல் பெட்டிக் கடிதங்களுக்குப் பதிலாகப் புகைப்படம் மட்டும் போகும். இரண்டாவதற்குப் புகைப்படமும் அச்சடித்த இரண்டு வரியும். மூன்றாவதற்குத் துஷார்ம் வைத்த பெயர் 'அழுகிறவை'. அப்பன் செத்தவர்கள், காதலன் கைவிட்டவர்கள், தூக்கம் வராதவர்கள் எழுதியவை அதில் கிடக்கும். அந்தப் பெட்டி ஒடெட்டுடையது. பதிலைத் தட்டச்சு செய்து, கீழே நிக்கோவின் கையெழுத்தையும் போட வேண்டும். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று முதல் நாளே தாளில் எழுதி வாங்கிக்கொண்டார் துஷார்ம். "நீங்க இங்க இல்லவே இல்ல, மதாம்" என்று சிரித்தார். வீட்டில் கேட்டால் ஆஸ்பத்திரியில் கூடுதல் வேலை என்பாள்.

கணவன் வீட்டைவிட்டுப் போன வருஷம், அந்தப் பெட்டியில் ஊதா மையில் எழுதிய உறை ஒன்று வந்தது. பின்பக்கத்தில் அவள் வீட்டு முகவரியே இருந்தது. மிலேனுக்கு அப்போது பதினொரு வயது.

'எங்க அப்பா போயிட்டார். அம்மா அழவே இல்லை. போர்வையை மடிச்சுக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்கு மனசு இல்லையா, நிக்கோ?'

ஒடெட் பதில் எழுதினாள். நேரில் ஒருநாளும் வாயில் வராததெல்லாம், இன்னொருவன் பெயரில் எழுத உட்கார்ந்ததும் தானாக வந்தது. மகளிடம் அப்படிப் பேசியது அன்பா, ஏமாற்றா? பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். அவளுக்கே தெரியவில்லை. மிலேன் அந்தக் கடிதத்தை மேஜை டிராயரில் பூட்டி வைத்தாள். பள்ளி, வேலை, விவாகரத்து என்று எது வந்தாலும் அதை எடுத்துப் படிப்பதாக ஊரெல்லாம் சொல்வாள். "என்னைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள் நிக்கோதான்." பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வாள்.

அரங்கத்தில் விளக்கு அணைந்தது. பெரிய திரை இறங்கியது. 'நிக்கோ தன் ரசிகர்களுக்கு எழுதியவை' என்று ஒரு குரல் அறிவித்தது.

மிலேன் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். கடிதம் வெச்சிருக்கறவங்க அனுப்பலாம்னு கேட்டிருந்தாங்க. என்னோடதை எடுத்துக்கிட்டாங்கம்மா!"

வெள்ளைத் துணி ஒன்று மேலிருந்து தொங்கியது. ஒரு பெண் அதைக் காலில் சுற்றிக்கொண்டு ஏறினாள். திரையில் எழுத்துகள் வந்தன.

'அன்புள்ள மிலேன், அழாதவர்களுக்கு மனசு இல்லை என்று நினைக்காதே. சிலருக்குக் கையில் வேலை இருக்கும்வரை கண்ணுக்கு நேரம் கிடைப்பதில்லை.'

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஆறாயிரம் பேர் அவள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் யாருக்கும் தெரிய வேண்டாம். இந்த ஒருத்திக்குத் தெரிந்தால் போதும்.

"மிலேன், அதை எழுதினது நான்."

"எதை?"

"அந்தக் கடிதத்தை. அடுத்து என்ன வரும்னு சொல்றேன், பாரு. 'இன்று கதவைச் சாத்தாமல் தூங்கு. யாராவது உன் போர்வையைச் சரிசெய்ய நினைக்கலாம்.'"

திரையில் அப்படியே வந்தது. மேலே அந்தப் பெண் துணியை உதறிச் சரிந்து, தரைக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். அரங்கம் அதிர்ந்தது.

மிலேன் கை தட்டவில்லை. "என் டிராயரைக் குடைஞ்சிருக்க."

"இல்லடி..."

"டைரியைப் படிச்ச. ஃபோன்ல பேசினா ஒட்டுக் கேட்ட. அதோட நிறுத்திட்டன்னு நெனச்சேன். பூட்டின டிராயரையுமா?"

டைரி உண்மை. ஃபோனும் உண்மை. டிராயரை மட்டும் அவள் தொட்டதே கிடையாது.

இடைவேளையில் பேனா வாங்கி, காகிதக் கோப்பையின் மேல் நிக்கோவின் கையெழுத்தைப் போட்டுக் காட்டினாள் ஒடெட். சறுக்கிக்கொண்டே போகும் முதல் எழுத்து, அடியில் ஒரு சுழி. அச்சு அசலாக இருந்தது.

மிலேன் பேனாவைப் பிடுங்கி, பக்கத்திலேயே அதே கையெழுத்தைப் போட்டாள். அதுவும் அச்சு அசல். "எங்க கிளாஸ்ல முப்பது பேரும் போடுவோம். இதெல்லாம் ஒரு சாட்சியா?"

அப்போதுதான் துஷார்ம் கண்ணில் பட்டார். சக்கர நாற்காலியில், மடியில் போர்வையோடு, நிக்கோவின் கடிதங்களைத் தொகுத்த புத்தகத்தை விற்கும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களெல்லாம் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

"வா" என்றாள் ஒடெட். "அவரையே கேளு."

மிலேன் கேட்டே விட்டாள். "மோசியே, ரசிகர்களுக்கு நிக்கோ எழுதின பதிலெல்லாம் வேற யாராவது எழுதினதா?"

துஷார்ம் ஒடெட்டைப் பார்த்தார். பிறகு மிலேனிடம் திரும்பி, "ஒவ்வொண்ணையும் அவனே படிப்பான், அவனே எழுதுவான், மதாம். சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து எழுதுவான்" என்றார். குரல் தழுதழுத்தது. அடுத்து ஒடெட்டின் கையைத் தட்டிக் கொடுத்தார். "உங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை எல்லாம் முடிஞ்சிருக்குமே இப்போ? ஓய்வா இருங்க."

ஆஸ்பத்திரி என்று இங்கே யாரும் அவரிடம் சொல்லவில்லை. மனுஷருக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

இரண்டாம் பாதி தொடங்கியது. இருவருக்கும் நடுவில் மிலேன் தன் மேல்கோட்டை மடித்து வைத்திருந்தாள். மேலே எட்டுப் பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றார்கள்.

மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே மிலேன் சொன்னாள்: "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாம்மா. உன்கிட்டேர்ந்து வராதது அது ஒண்ணுதான். அதையும் உன்னோடதுன்னு சொன்னா நான் எங்க போவேன்? அன்னைக்கு ராத்திரி அவன் சொன்னதாலதான் கதவைத் திறந்து வெச்சேன். நீ உள்ள வந்தே. வேவு பாக்கத்தான் நீ வந்தன்னு எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குப் போர்வையை இழுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் ஒடெட். அதைச் சொல்லலாம். சொன்னால் அதுவும் ஒரு சாட்சியாகும். தான் ஜெயித்தால் மகள் கையில் என்ன மிஞ்சும்? செத்த பாடகன் எழுதிய கடிதம் போய்விடும். அந்த இடத்தில், பதினொரு வயதுப் பிள்ளையை ஏமாற்றிய ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள்.

"ஆமா" என்றாள் ஒடெட். "டிராயரைத் திறந்துதான் படிச்சேன். ஹேர்பின்னை விட்டு நெம்பித் திறந்தேன். தப்புதான். மன்னிச்சுக்கோ."

மிலேன் நீளமாக மூச்சு விட்டாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"எத்தனை தடவை படிச்ச?"

"மனப்பாடம் ஆகற வரைக்கும்."

மிலேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டை எடுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு, அம்மாவின் தோளில் சாய்ந்தாள். "அவன் எவ்வளவு நல்லா எழுதியிருக்கான், இல்லம்மா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றாள் ஒடெட்.