தை மாதம் வெளியில் வைத்த மல்லிகை

"…அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ மாமா. மல்லிகை பட்டுப்போச்சு."

கடந்த தையில் கனடாவிலிருந்து மருமகள் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது, அவளுடைய தாயாரும் என் ஒரே உடன்பிறப்புமான அக்கா, நீர்வேலி வீட்டுக் கிணற்றடியில் மல்லிகைக்கு இலை உருவிக்கொண்டு நின்றார்.

மருமகள் அங்கே ஒரு தமிழ்க் கடையில் கன்று வாங்கி, யன்னலோரம் சாடியில் வளர்த்தாள். இரண்டு வருடமாகியும் பூக்கவில்லை. அக்கா இங்கிருந்து பக்குவம் சொன்னார்: "தை பிறந்திட்டுது பிள்ளை. கிளையை வெட்டி, இலையை உருவி, வெளியிலை வெயிலுக்கை எடுத்து வை. கொஞ்சம் பட்டினி கிடந்தால்தான் அதுக்குப் பூக்கிற நினைப்பு வரும்."

நீர்வேலித் தைக்கு அது சரி. கனடாவில் தை என்றால் உறைபனி.

"வெயில் எறிச்சது மாமா. அம்மா சொன்னால் சரியாத்தானே இருக்கும் எண்டு வைச்சிட்டன். விடியப் பார்க்கக் கறுத்துப்போய் நிக்குது."

அக்கா காங்கேசன்துறையில் பிறந்தவர். போரால் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த அன்று நாங்கள் ஆளுக்கொரு பையைத் தூக்கினோம். அக்காவின் மற்றக் கையில் பால்மாத் தகரப் பேணிக்குள் ஒரு மல்லிகைப் பதியம்.

"உயிர் போற நேரத்திலை உனக்குப் பூவோடி?" என்று அம்மா ஏசினார்.

"உதுவும் உயிர்தானே அம்மா," என்றார் அக்கா.

அந்தப் பேணிச் செடிதான் நீர்வேலியில் வாழைகளுக்கு நடுவே வேர்விட்டது. அத்தான் காலமானபோது மருமகளுக்கு ஐந்து வயது. அதன்பின், அந்தச் செடியும், அதன் கிளைகளை மண்ணில் பதித்து அக்கா வேர்விடவைத்தெடுத்த கன்றுகளும்தான் அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தன. மொட்டு ஆய்ந்து, மாலை கட்டி, கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் கொடுத்தே மகளைப் படிப்பித்தார். வசதியில்லாத வீட்டுக் கலியாணமென்றால் மாலை சும்மா போகும். கேட்டால், "பூ தன்ரை பாட்டிலை பூக்குது. நான் கட்டிறது மட்டும்தானே," என்பார்.

மருமகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நான் பட்ட பாடு பெரிது. எனக்குப் பொய் வராது. அக்கா கனடா மல்லிகையைப் பற்றிக் கேட்டால் நான் வாழைக்குலையைப் பற்றிக் கதைப்பேன். மருமகளோ அடுத்த கிழமையே, "மொட்டு வைச்சிருக்கு அம்மா," என்று சொல்லிவிட்டாள்.

"நல்லது பிள்ளை," என்றதோடு அக்கா நிறுத்திக்கொண்டார்.

பங்குனியில் அக்கா படுக்கையில் விழுந்தார். ஓடிவந்த மருமகள் தாயின் முகத்தை நேரே பார்க்கமுடியாமல் திரிந்தாள். பொய்யோடு தாயை அனுப்ப மனமில்லை. உண்மையைச் சொன்னால், தன் சொல்லால்தான் செடி பட்டதென்று தாய் வருந்துவாரே என்ற பயம்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களை மறக்கமாட்டோம். முகம் சுளிக்காமல் பார்த்த தாதியர், கேளாமலே வந்து பந்தல் போட்ட தோட்டக்காரர், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர், தூரத்திலிருந்து அழுத உறவுகள், இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவுமலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் என எல்லோருக்கும் எங்கள் நெஞ்சு நிறைந்த நன்றி.

அக்கா கண்மூடுவதற்கு மூன்று நாள் முந்திய காலை, மருமகள் கட்டிலருகே வந்தாள். நானும் பக்கத்தில் கதிரையில் இருந்தேன்.

"அம்மா, என்ரை மல்லிகை…"

"பட்டுப்போச்சு, என்ன?"

மருமகள் கட்டில் விளிம்பில் அமர்ந்து அழத்தொடங்கினாள்.

"இலை உருவி எட்டாம் நாள் எந்த மல்லிகையடி மொட்டு வைக்கும்? மாமாவைக் கேட்டால் அவர் வாழைக்குலையிலை போய் நிக்கிறார்." அக்காவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. "பனியை யோசியாமல் சொன்னது நான். என்ரை பிழை எனக்குத் தெரியக்கூடாதெண்டுதானே மறைச்சனி? அதுக்கேன் அழுறாய்? போ, கிணத்தடிச் செடிக்கு இண்டைக்கு ஒருத்தரும் தண்ணி விடேல்லை."

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தாழ்ந்த கிளையொன்றை வளைத்து ஈரமண்ணுக்குள் பதித்து, அது நிமிராதபடி ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தாள்.