வளைகாப்பு அன்று வாய் திறந்தேன்

நான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. கடைக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், "இன்னா, விசேஷம் எதுனா உண்டா?" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு வெளியே தலைகாட்டவே பிடிக்காமல் போனது.

போன வருடம் ஒரு மாதம் நாள் தள்ளிப்போனது. மாமியார் டாக்டரிடம் காட்டும்வரை பொறுக்கவில்லை. தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டார். பத்தாம் நாள் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. கணவரிடம் அழுதேன். "ரெண்டு நாள் போவட்டும், நானே அம்மாகிட்ட சொல்றேன்" என்றார். அவர் சொல்லவேயில்லை. ஊர் சிரிக்குமே என்று நானும் சொல்லவில்லை; பொய் அப்படியே வளர்ந்தது.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு நாட்களில் பூஜை அறைப் பக்கம் போகக் கூடாது. போகாமல் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அந்த நாட்களிலும் உள்ளே போய் விளக்கேற்றினேன். சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். செக்கப் என்று சொல்லி விழுப்புரம் போய், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். வயிற்றில் துணி சுற்றிக்கொண்டேன். கொடுமை என்னவென்றால், யாரும் இல்லாதபோதும் அந்தத் துணி வயிற்றைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தேன். நான் யாரென்று எனக்கே தெரியவில்லை. செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் காலை, செக்கப் என்று சொல்லிவிட்டு, பெருமுக்கல் மலைமேல் உள்ள சிவன் கோயிலுக்கு ஏறினேன். பிள்ளை வரம் கேட்கவில்லை. "ஈஸ்வரா, தீட்டோடு உன் முன்னால் நின்றவள் நான். தண்டிப்பதானால் தண்டி. என் வாயை மட்டும் திறந்துவிடு" என்று கதறினேன். மனசு லேசாகவில்லை. போனதைவிட அதிகப் பயத்தோடுதான் இறங்கினேன்.

மறுநாள் மணையில் உட்கார வைத்தார்கள். மாமியார் முதல் வளையலை எடுத்து என் கையைப் பிடித்தார். நான் நினைக்காமலே சொல் வந்தது. "அத்தை, போடாதீங்க. வயித்துல ஒண்ணுமில்ல."

யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். மாமியார் வளையலைத் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நாந்தான் அவசரப்பட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தேன். தப்பு எம்மேல. இலை போட்டாச்சு, எல்லாரும் சாப்புட்டுப் போங்க" என்றார்.

என்னை உள்ளே கூட்டிப் போய், துணியை அவரே அவிழ்த்தார். இறுக்கி இறுக்கித் தோல் புண்ணாகியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதார். "என்னாண்ட சொல்ல இன்னாடி பயம் உனக்கு?"

எனக்கு இன்னும் குழந்தை இல்லை. ஊர் இன்னும் பேசுகிறது. பேசட்டும். நான் மறுபடி நானாக நடமாடுகிறேன், அது அந்த ஈஸ்வரன் போட்ட பிச்சை. ஊருக்குப் பயந்து பொய்யில் மாட்டிக்கொண்டிருக்கும் அக்கா தங்கைகளே, சாமியிடம் கேட்கத் தகுதியில்லை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தகுதி இல்லாமல்தான் நான் கேட்டேன். கேட்டதைக் கொடுத்தான்.