அரை அடி மணலில் நான் ஓட்டிய உழவு

இரண்டு வருஷத்துக்கு முன், சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கூலிக்கு நாற்றுப் பறித்தவன், இன்று பதினான்கு ஏக்கருக்குச் சொந்தக்காரன். இரண்டு அறுவடை இயந்திரம் என் பெயரில் ஓடுகிறது. பயிர் மஞ்சளித்தால் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். முகர்ந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் எங்களோடு இருந்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்க்கிறாள். உப்புத் தண்ணீர், நடுவில் பாறை, அடியில் அரை அடிக்கு வெள்ளை மணல். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன். மூன்று வருஷம் காத்திருந்து, அந்த வாரம்தான் பெண் மீன் முதல்முறையாகப் பாறையில் முட்டை வைத்திருந்தது. ஆண் மீன் நகராமல் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. மருமகளுக்குச் சாப்பாடுகூடத் தொட்டிக்கு முன்னால்தான். இன்னும் மூன்று நாளில் குஞ்சு வந்துவிடும் என்று மகனுக்கு வீடியோவில் காட்டிக் காட்டிச் சொல்வாள்.

அன்று காலை தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது, "மாமா, தொட்டியில மட்டும் கை வச்சிடாதீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மண்ணையும் தண்ணீரையும் பற்றி எனக்கே சொல்கிறாளா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடி ஓரமாகக் குனிந்து பார்த்தேன். மணலுக்கு அடியில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. நடுநடுவே காற்றுக் கொப்புளம். பார்த்ததுமே புரிந்துவிட்டது. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண் இப்படித்தான் கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வேர் கெட்டுவிடும். தண்ணீரை வடித்து, களைக்கருவியை உருட்டி மண்ணைக் கிளறிவிட்டால் நான்கே நாளில் பயிர் பச்சை திரும்பும். பாவம், படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை சால் பிடித்து உழுத மாதிரி அடிவரை கிளறினேன். நாற்றம் குப்பென்று வந்தது. வயலில் வருகிற அதே நாற்றம். கெட்டது வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. முட்டையை விட்டு ஒரு நிமிடமும் நகராத ஆண் மீனும் மேலே வந்துவிட்டது. சரியாகத்தானே செய்தேன்? வயலாக இருந்தால் புதுத் தண்ணீர் விடுவோம். ஓடிப்போய் போர் தண்ணீரை ஒரு வாளி பிடித்து வந்து தூக்கும்போது, தஞ்சாவூரிலிருந்து திரும்பிய மருமகள் உள்ளே வந்தாள்.

"ஐயோ மாமா, ஊத்தாதீங்க! போர் தண்ணிய ஊத்துனா இப்பவே செத்துடும்!"

வாளியோடு அப்படியே நின்றேன். உப்புத் தண்ணீர் ஏறினால் வயல் செத்துவிடும் என்று ஆயுசு முழுக்கப் பயந்தவன் நான். இங்கே நல்ல தண்ணீர் கொல்லுமாம். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அவள் ஏற்கெனவே உப்புக் கலந்து வைத்திருந்த டிரம்முக்கு இரண்டு மீனையும் மாற்றிக் காற்றுக் குழாய் போட்டாள். சாயங்காலத்துக்குள் பெண் மீன் செத்துவிட்டது. முட்டையெல்லாம் வெளுத்துப்போயின.

அவள் திட்டியிருந்தால் தேவலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அடியில இருக்கிற கறுப்பு அழுக்கில்ல மாமா. கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அங்க இருந்துதான் தண்ணியச் சுத்தம் பண்ணுது. கலைச்சா விஷம் மேல வந்துடும்" என்றாள்.

"வயல்லயும் அதே நாத்தந்தானம்மா? அங்க கிளறுனா பொழைக்குதே?"

"அங்க நாத்தம் காத்தோட போயிடும். மீனு அந்தத் தண்ணிக்குள்ளதானே மூச்சு விடணும்?"

தலையை ஆட்டினேன். பாதிதான் புரிந்தது. டீக்கடையில் சேதி தெரிந்து, "என்னண்ணே, கண்ணாடித் தொட்டியில நடவு எப்ப?" என்று கேட்டார்கள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மிஞ்சியது ஆண் மீன்தான். இனி முட்டைக்கு வழியில்லையே என்று நான் புலம்பியபோது மருமகள், "சின்னதா ஒண்ணு வாங்கி விட்டா, இதுவே பொண்ணா மாறிடும் மாமா. இந்த ஜாதி மீன் அப்படித்தான்" என்றாள். என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். சொன்னபடியே சின்ன மீன் ஒன்றை வாங்கி விட்டாள்; போன மாதம் அதே பழைய மீன் அதே பாறையில் முட்டை வைத்தது! கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வயலில் களைக்கருவியை இறக்குமுன்கூட, இதற்கு அடியில் எனக்குத் தெரியாமல் என்னென்ன குடியிருக்கிறதோ என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறேன்.