கம்பளி போர்த்திய கணினி

சென்ற வாரம் நான்கு நாட்கள் மழை விடவில்லை. எங்கள் மலைநகரமான பதுளையில் மழை என்றால் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, உப்பு ஜாடிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பாதி காய்ந்த கம்பளிச் சட்டை ஒன்றை வேறு வழியின்றி இஸ்திரி போட்டேன். சூடேறிய கம்பளியிலிருந்து ஒரு மணம் எழுந்தது. அது பிறருக்கு எதை நினைவூட்டுமோ, நான் அறியேன். எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கணினி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிறிது நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைசி அறையில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அம்மா கொழுந்து பறித்தார். நான் பதுளையில் ஒரு தனியார் நிலையத்தில் கணினி டிப்ளோமா படித்தேன். மாலையில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பஸ் செலவு போக மிஞ்சியதே என் செல்வம். நிலையத்தில் கணினிகள் குறைவு, மாணவர்கள் அதிகம். ஆகவே கடைசி வருடச் செயற்திட்டத்தை வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்றார்கள். நகரத்தில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. அதன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பசறை பஸ்ஸில் வந்தபோது நடத்துநர் கேட்டார்: “என்னா தங்கச்சி, தையல் மெசினா?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது என்னவென்று விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கும் அதைப்பற்றித் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் மலைகளில் பத்திரப்படுத்துவது என்றால் குளிரிலிருந்து காப்பது என்றே பொருள். பிறந்த குழந்தையானாலும் பழைய வானொலியானாலும் முதலில் ஒரு துணியைச் சுற்றித்தான் வைப்போம். சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியால் காலையும் மாலையும் பனிமூட்டம் உள்ளே வந்து போகும். அம்மா தம் கம்பளியை எடுத்து அந்தப் பெட்டியின் முதுகையும் விலாவையும் மூடிப் போர்த்தி, முன்பக்கத்தை மட்டும் திறந்து விட்டார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது மழைக்காகத் தலையில் போட்டுக்கொள்வாரே, அதே கம்பளி. கணினி ஓடும்போதும் அது அப்படியேதான் இருந்தது. கணினி படித்துக்கொண்டிருந்த எனக்கும் அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. பார்க்க மிகவும் பாந்தமாக இருப்பதாகவே நினைத்தேன்.

பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு உள்ளே விசிறி இரையத் தொடங்கும், திரை உறையும், சட்டென்று எல்லாம் அணைந்துவிடும். நான் எழுதிக்கொண்டிருந்தது பசறைக்கும் பதுளைக்கும் இடையே ஓடும் பஸ்களின் நேரங்களைச் சொல்லும் ஒரு நிரல். எந்த பஸ்ஸும் ஒருநாளும் மதித்திராத நேரங்கள் அவை. அவற்றையும் எழுதி முடிக்க அந்தக் கணினி விடவில்லை. ரேம் போதாததுதான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். வாங்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன். ரேம், பெரிய பவர் சப்ளை, முடிந்தால் ஒரு புதிய ஹார்ட் டிஸ்க். கையிலிருந்ததோ அவற்றில் ஒன்றுக்கே போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை செயற்திட்டத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர்கள் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். இன்னொரு வருடக் கட்டணம் கட்ட எங்களால் முடியாது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்த சித்தி அங்கேயே எனக்கும் ஓர் இடம் பேசி வைத்திருந்தார். தீமிதித் திருவிழாவுக்கு வந்திருந்தவர் திங்கட்கிழமை திரும்புவதாக இருந்தார். அம்மா சுருக்கமாகச் சொன்னார்: “முடிஞ்சா படி. முடியலன்னா சித்தியோட கெளம்பிரு. ரெண்டுங் கெட்டானா நிக்காத.”

சனிக்கிழமை அம்மாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனோம். கடைவீதியில் ஒரு சிறிய கணினிக் கடை. முதலாளியின் மகள் பிரேமா அக்காதான் அங்கே திருகாணி கழற்றுபவர். காதில் பெரிய ஜிமிக்கி, கையில் சிறிய ஸ்க்ரூ டிரைவர், வாயில் ஓயாத கேலி. பக்கத் தகட்டைக் கழற்றினார். பிறகு விசிறியின் இதழ்களிலிருந்து ஒரு பிடி கரும்பஞ்சை உருவி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தங்கச்சி, உள்ள ஆடு வளக்கிறீங்களா?”

எனக்கு முகம் எரிந்தது. அம்மாதான் பதில் சொன்னார். “இல்லங்க, கம்பளி. பனி உள்ள எறங்கிருமேன்னு நான்தான் போத்தி வச்சேன்.”

“ஓடுறப்பவுமா?”

“ஓடுறப்பவும் பனி வருமேங்க?”

பிரேமா அக்கா சிரித்தார். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பெட்டியை அவர் பக்கம் திருப்பினார். “இங்க பாருங்கம்மா. இது ஓட ஓட சூடாகும். அந்தச் சூட்ட வெளிய தள்ளத்தான் இந்த ஃபேன். நீங்க வாசல அடைச்சுட்டீங்க. சூடு போக வழியில்ல. எரிஞ்சு போகாம இருக்கத் தானாவே நின்னுக்குது.”

அம்மா குனிந்து பார்த்தார். “அப்ப இது கொழுந்து மாதிரி. சாக்குல அமுக்கி வச்சா உள்ளயே சூடேறிச் செவந்து போயிரும். அப்புறம் கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளகிட்ட ஏச்சு வாங்கணும்.”

“அதேதான்! இவங்களுக்கு நான் ஒரு மணித்தியாலம் வெளங்கப்படுத்தணும். நீங்க ஒரு நிமிசத்துல முடிச்சிட்டீங்க” என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் விடவில்லை. என் தாளை நீட்டினேன். அவர் படித்துவிட்டு நான்காக மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தார். “ரேம் போடச் சொன்னா போடுறேன், எனக்கு யாவாரம். ஆனா இந்தச் சூட்டுல அதுவும் சேந்து வேகும். மொதல்ல மூச்சு விட வைப்போம்.” பழைய பெயின்ட் பிரஷ்ஷால் உட்புறம் முழுவதையும் தட்டிச் சுத்தம் செய்தார். சூட்டை உறிஞ்சும் அலுமினியக் கட்டியைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. புதிய பசை பூசி, ஒலி குறைந்த புதிய விசிறி ஒன்றை மாட்டி, முதுகுப் பக்கத்தில் இன்னொன்றையும் பொருத்தினார். திரும்பும் வழியில் இரண்டு வடை வாங்கவும் காசு மிஞ்சியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். பெட்டியைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தினார். பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்தார். “அடியிலயும் காத்து ஓடட்டும்” என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கணினியைப் போட்டேன். சித்தி பலகையில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பை கட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் எனக்கென்று வாங்கிய பை காலியாகக் கிடந்தது. பதினைந்து நிமிடம் ஆனது. என் விரல்கள் தாமாகவே நின்றன. அம்மா பெட்டியின் முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டினார். குவித்து வைத்த கொழுந்துக்குள் கைவிட்டுச் சூடு பார்ப்பது போலவே இருந்தது அந்த அசைவு.

“வெதுவெதுன்னு வெளிய வருது. நீ எழுது” என்றார்.

எழுதினேன். அரை மணி. ஒரு மணி. அம்மா சோறு வடிக்கப் போவார், திரும்பி வந்து கையை நீட்டிப் பார்ப்பார், போவார். நண்பகலில் சித்தியும் எழுந்து வந்து கையை நீட்டிப் பார்த்தார். “ஏன்க்கா, இது இன்னும் நிக்கலியே?” என்று கேட்டதில் ஏமாற்றம் கொஞ்சமும் வியப்பு நிறையவும் இருந்தது. நான்கு மணிக்குக் கடைசி வரியை எழுதி ஓடவிட்டேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று திரை சொன்னது. சித்தி எட்டிப் பார்த்து, “பொய் சொல்லுது. அந்த பஸ் இப்பல்லாம் வர்றதே இல்ல” என்றார். மூவரும் சிரித்தோம். காலியாகக் கிடந்த பையைச் சித்தி மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரே பஸ்ஸில்தான் இருவரும் பதுளைக்கு வந்தோம். சித்தி ரயில் நிலையத்துக்குத் திரும்பும் முன், “நல்லா செய்” என்று மட்டும் சொன்னார். நான் நிரலைப் பதிந்த குறுந்தட்டை மார்போடு அணைத்தபடி, படிப்பு நிலையம் இருந்த மேட்டில் ஏறினேன். செயற்திட்டம் தேறியது. டிப்ளோமா வேலையைத் தந்தது, வேலை மேற்படிப்பைத் தந்தது.

இப்போது பிரேமா அக்காவின் கடை இருந்த இடத்தில் தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. பெட்டியைத் திறந்து உள்ளே என்னவென்று காட்டுவார் யாருமில்லை. இன்றைய கணினிகளில் திறப்பதற்குத் திருகாணியும் அரிது. அவற்றுக்காகச் சற்று வருந்துகிறேன். ஆனால் மறைந்துபோன இன்னொன்றுக்காக நான் வருந்துவதில்லை. அந்நாளில் லயத்தில் ஒரு பெண்பிள்ளை பரீட்சை எழுதி முடித்தால், குழாயடியில் அவளுடைய தாயிடம் கேட்பார்கள்: “எப்ப அனுப்பப் போறீங்க?” எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை, கொழும்புக்கு வேலைக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றும் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஆயினும் சென்ற மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது, அதே குழாயடியில் ஒருவர் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டார்: “மக அடுத்து என்னா படிக்கப் போவுது?”

அந்தத் தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “எனக்கென்னா தெரியும், அவகிட்டதான் கேக்கணும்.”