கிரிசல் பெய்னும் போதகரின் பன்றியும்

கிரிசல் பெய்ன் செத்தபின் அவள் எழுதிவைத்த காகிதக் கட்டு கேட்பாரற்றுக் கிடந்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் கில்ரோவன், மீன் வாடையும் வம்பும் ஓயாத ஊர். கிரிசல் பீர் காய்ச்சி விற்ற விதவை. யார் படகு கவிழ்ந்தது, யார் யாரோடு பேச்சை நிறுத்தினார், நடுநடுவே அவள் கட்டிய பாட்டு என்று அந்தக் காகிதங்களில் எல்லாம் கலந்து கிடக்கிறது. பன்றி விவகாரத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தப்பிக்க வழி கிடைத்தபின் ஒருத்தி எதற்காகத் திரும்பி வருவாள்?

போதகர் வளர்த்த பன்றி ஊரார் கீரைப் பாத்திகளை மேய்ந்து தீர்த்தது. ஒரு காலை தேவாலயக் கதவில் பாட்டு ஒன்று தொங்கியது:

“போதகரின் பன்றி வந்தது, கீரையைத் தின்றது,
அதனால் எங்களுக்கு மிகவும் வருத்தம்.”

ஊரில் பாட்டுக் கட்டுகிறவள் கிரிசல் ஒருத்திதான். சபையை நடத்தும் மூப்பர்கள் போதகரோடு உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். குற்றம் உறுதியானால் ஞாயிறு ஆராதனையில் சபை முழுக்கப் பார்க்கப் பாவ முக்காலியில் உட்காரவேண்டும். முன்பு அதில் உட்கார்ந்தவள் ஊரைவிட்டே போய்விட்டாள். கிரிசலுக்கும் அந்தப் பயம்தான், அவளே எழுதியிருக்கிறாள்.

“நீதானே எழுதினே?” என்றார் மூப்பர் லைல்.

“சத்தியமா நான் இல்லீங்க.”

“இந்த ஊர்ல வேற யாருக்கு இவ்வளவு வாய்?”

போதகருக்கே அலுத்துவிட்டது. “கையெழுத்து அவளோடது இல்லையே, விடுங்க. நீ போம்மா.”

கதவு வரைக்கும் போய்விட்டாள். லைல் முணுமுணுத்தார்: “எனக்கென்னவோ அச்சு அசலா இவ பாட்டு மாதிரிதான் இருக்கு.”

கிரிசல் திரும்பினாள். “இதுவா? என் பாட்டா? நொண்டி மாடு இதைவிட ஒழுங்கா நடக்குமே! நான் கட்டியிருந்தா எப்படி இருக்கும் தெரியுமா?” ஆராதனையில் பைபிள் சங்கீதம் பாடும் மெட்டிலேயே பாடியும் காட்டினாள்:

“மேடையில் போதகர் பிரசங்கம் – தோட்ட
மேட்டினில் பன்றியின் அதகளம்;
ஓய்வது முதலில் எவரென்று – பார்த்து
ஓய்ந்தன எங்கள் கீரைகளும்.”

ஒரு மூப்பர் சிரித்துத் தொலைத்தார். போதகர் சிரிக்கவில்லை. முக்காலி உறுதியாயிற்று.

சிரித்த மனுஷர் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பாரா? சனிக்கிழமைக்குள் ஊருக்கே பாட்டு மனப்பாடம். இது கிரிசலுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முக்காலியில் குனிந்த தலை நிமிராமல், வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தாளாம். அதே மெட்டில் சங்கீதம் தொடங்கியது. பின்வரிசை மீனவர்களின் சொற்கள் மட்டும் வேறாகக் கேட்டன. அடுத்த வரிசையும் சேர்ந்துகொண்டது.

அதற்குமேல் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறாள்: “அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ‘ஓய்வது’ என்ற இடத்தில் இழுக்கவேண்டும், சரியாக இழுத்தார்கள்.”