விவேக் தோண்டிய பனிக்குழி

கலிஃபோர்னியாவின் குபெர்டினோவில் என்னோடு வேலை பார்க்கும் விவேக்கைக் கண்டால் எனக்குப் பொறாமை. டாக்டர் வீட்டுப் பிள்ளை. எது கேட்டாலும் சிரித்தபடி "தெரியாதே" என்பான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன என் வாயில் அந்த வார்த்தை வராது.

சென்ற குளிர்காலத்தில் நண்பர்களோடு பனி மூடிய டாஹோ மலைக்குப் போனோம். நானும் விவேக்கும் முன்னால் நடந்தோம். ஒரு செங்குத்துச் சரிவருகே விவேக் குழி தோண்டிப் பனியின் அடுக்குகளைத் தொட்டுப் பார்த்தான்.

"மேல கெட்டி, கீழ சர்க்கரை மாதிரி உதிருது. மொத்தமா சரிஞ்சுரும்டா, திரும்பிடலாம்."

"பெரிய எக்ஸ்பெர்ட்டு! எனக்கும் தெரியும், சேஃப்தான்" என்று சரிவில் கால் வைத்தேன். உண்மையில் எனக்கு எதுவுமே தெரியாது.

நாலடியில் 'தொம்' என்று பனி அமுங்கியது. தலைக்கு மேலே நீளமாய் விரிசல் ஓடியது.

"வந்த தடத்துலயே வாடா!" என்று விவேக் கத்தினான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

மரங்களுக்கிடையே நண்பர்கள் எதிரே வந்தார்கள். "ஏண்டா திரும்பிட்டீங்க?"

நான் குனிந்து பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினேன். விவேக் சொன்னான்: "எனக்கு பயமாயிடுச்சு மச்சி."

எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

பொறாமை இன்னும் போகவில்லை. அவன் எனக்காகத் தன் பயமாகச் சொன்னதை இங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறேன்: பயந்தது நான். பனியைப் பற்றி எனக்குத் தெரியாது.